பினாங்கில் இளஞ்சிவப்பு எண்ணிய ஏழு நாட்கள்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பினாங்கில் இறங்கினேன். ஊர் பார்க்க வருகிறவர்கள் விமான நிலையத்தில் முதலில் சன்னலைத் தேடுவார்கள். நான் தேடியது நாற்காலியை. சென்னையிலிருந்து நாலரை மணி நேரம். முன்வரிசைக்காரர் இருக்கையைச் சாய்த்ததிலிருந்து என் கழுத்து வேலைநிறுத்தத்தில் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் வெளிநாட்டுப் பயணம் என்றதும் உறவினர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். கழுத்தைக் கேட்டிருந்தால் அது வேறு சொல்லியிருக்கும்.

என் தொழிலைச் சொன்னால் கழுத்தின் கதை புரியும். முப்பத்தோரு வருடமாக ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு முன் குனிந்து, சேற்றில் வாழும் ஓர் உயிரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நீளமான பெயர் உண்டு. தொழிலில் இருப்பவர்கள் ஃபோராம் என்று சுருக்கிவிடுவோம். ஒரே ஒரு செல். அதைச் சுற்றி ரவை அளவுகூட இல்லாத சுண்ணாம்பு ஓடு. ஓட்டுக்குள் தேன்குழல் பிழிந்தது போல அறை அறையாகச் சுற்றிக்கொண்டு போகும். கடலோர ஏரிகளின் அடியில், மேல் சேற்றின் ஒரு சென்டிமீட்டருக்குள் அதன் குடித்தனம்.

தண்ணீரைச் சோதித்தால் அன்றைய தண்ணீர் எப்படி என்று தெரியும். போன மாதம் யார் எதைத் திறந்துவிட்டார்கள் என்று தண்ணீர் சொல்லாது. அந்தத் தண்ணீர் எப்போதோ போயிருக்கும். ஃபோராம் எங்கும் போகாது. விஷம் வந்தால் முதலில் மெலிந்தவை சாகும், பிறகு மிஞ்சியவற்றின் ஓடு கோணலாக வளரும், கடைசியில் ஓடு மட்டும் கிடக்கும். ஒரு சிட்டிகைச் சேற்றில் உயிருள்ளது எத்தனை, வெறும் ஓடு எத்தனை என்று எண்ணினால் ஏரி பிழைத்துக்கொண்டதா என்று சொல்லிவிடலாம். எண்ணுவதற்கு வசதியாக ரோஸ் பெங்கால் என்று ஒரு சாயம் இருக்கிறது. சேற்றில் கலந்து வைத்தால் சதை உள்ள ஓடு இளஞ்சிவப்பாகும். காலி ஓடு வெள்ளையாகவே இருக்கும். இளஞ்சிவப்பு என்றால் உயிர். அப்படித்தான் முப்பத்தோரு வருடம் எண்ணினேன்.

பினாங்கிற்கு என்னை அழைத்தவர் யோகேஸ்வரி. ஜார்ஜ் டவுனில் ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடத்தில் இதே எண்ணும் வேலை பார்க்கிறவர். பினாங்குத் தீவுக்கு அக்கரையில், பெருநிலத்தின் தென்பகுதியில், கடலோடு சேர்ந்த ஒரு சின்ன ஏரி இருக்கிறது. அதன் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே மீன் வளர்க்கிறவர்கள் நாளை அந்த மீனை விற்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் வாய்க்கால் வழியாக வந்த பட்டறைக் கழிவில் ஏரி மீன்கள் ஒரே இரவில் செத்தன. பட்டறையை மூடினார்கள். ஏரியின் அடி தேறும் வரை மீன்கூண்டு வைக்கக் கூடாது என்று தடை. தேறிவிட்டது என்று யோகேஸ்வரி எண்ணிச் சொல்லியிருந்தார். வெளியிலிருந்து இரண்டாவது ஆள் ஒருவர் அதே சேற்றை எண்ணிக் கையெழுத்துப் போட்டால் தடை நீங்கும். அந்த இரண்டாவது ஆள் நான். சீக்கிரம் முடித்துவிட்டால் இரண்டு நாள் ஊர் சுற்றலாம் என்று அவர் எழுதியிருந்தார். எனக்கு இரண்டு நாள் தூங்கக் கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

விமான நிலையத்திலிருந்து நான் தங்கவிருந்த சுங்கை பினாங் பகுதி பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். வாடகைக் காருக்கு இருபத்து நான்கு வெள்ளி. ரிங்கிட்டை இங்கே தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுநர் தமிழர். ஹாலிடேயா என்று கேட்டார். சேறு பார்க்க வந்தேன் என்றேன். ஒரு சிக்னல் முழுக்க யோசித்தார்.

“சேறுன்னா இங்க நெறைய இருக்கு லா சார். அந்த ஆத்தப் பாருங்க” என்று பாலத்துக்குக் கீழே கை காட்டினார். “அதப் பாக்கவா பாஸ்போட் எடுத்துக்கிட்டு வந்தீங்க?”

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. ஆறு தேநீர் நிறத்தில் அசையாமல் கிடந்தது. இருபுறமும் அடுக்குமாடி வீடுகள், மாடிக்கு மாடி துணிக்கொடிகள். ஒரு வீட்டின் பின்னறையை நாளுக்கு எழுபது வெள்ளிக்கு எனக்காகப் பேசி வைத்திருந்தார் யோகேஸ்வரி. மின்விசிறி நன்றாகச் சுற்றியது. கட்டில் குட்டை. கழுத்து அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பகல் பன்னிரண்டுக்கு ஆய்வுக்கூடம் போனேன். பத்து நிமிட நடை. அந்த வெயிலில் அது அரை மணி நேரத்துக்குச் சமம். கீழே டயர் கடை, மேலே இவர்கள். யோகேஸ்வரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர் என்றும், அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் எதையாவது எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றும் சொல்லிச் சிரித்தார். என்னை அண்ணே என்றார். மேசை சுத்தம், தூரிகைகள் அளவுவாரியாக நின்றன, போத்தல்களில் மூடியிலும் உடம்பிலும் இரண்டு இடத்தில் எண் எழுதியிருந்தது. இந்த மாதிரி ஆள் எண்ணியதை மறுபடி எண்ணுவது வீண்வேலை என்று பட்டது.

பிறகுதான் நுண்ணோக்கிக்கு மேலே சுவரில் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். எப்படி எண்ண வேண்டும் என்று ஆங்கிலத்தில் பத்து விதிகள், பக்கத்தில் கையால் வரைந்த ஒரு சுருள் ஓடு. நகலின் நகலாக எழுத்து தேய்ந்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. பெயர் தேவைப்படவில்லை. அந்தச் சுருள் ஓட்டை நான் எங்கள் சமையலறை மேசையில் வரைந்தபோது, இது என்ன தேன்குழலா என்று என் மனைவி கேட்டது நினைவிருக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்காக எழுதிய தாள். யார் யார் கைமாறியோ கடல் தாண்டி எனக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏழாவது விதியைப் படித்தேன். சிறிதளவு இளஞ்சிவப்பு இருந்தாலும் உயிர் என்று கொள்க. சந்தேகம் இருந்தால் உயிர் என்றே எழுதுக.

யோகேஸ்வரி அந்தத் தாளைக் காட்டி, இது ரொம்ப உதவி, இதைப் பார்த்துத்தான் பழகினேன் என்றார். நல்லது என்றேன். அது என்னுடையது என்று சொல்லவில்லை. களைப்பு என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, ஏரியின் ஆறு இடங்களிலிருந்து யோகேஸ்வரி எடுத்து வைத்திருந்த சேற்றை எண்ணினேன். ஈரத் தூரிகை நுனியால் ஓட்டைத் தொட்டு எடுத்து, கட்டம் போட்ட அட்டையில் வைத்து, அடுத்ததை எடுப்பது. நடுவில் மாடிப்படிக்குக் கீழே ஒரு கடையில் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ், ஏழு வெள்ளி. டயர் கடையில் காற்றடிக்கும்போதெல்லாம் மேசை லேசாக அதிர்ந்து ஒன்றிரண்டு ஓடுகள் கட்டம் மாறின. மறுபடி எண்ணினேன். வெளிநாட்டில் இருக்கிறேன் என்று நினைக்க மதியத்துக்கு மேல் முடியவில்லை.

நான்காம் இடத்துச் சேறு வந்தபோது கை நின்றது. ஏரியின் நடுப்பகுதி அது; மீன்கூண்டுகள் இருந்த இடம். ஓடுகள் இளஞ்சிவப்பாகத்தான் இருந்தன. ஆனால் முழு ஓடும் அல்ல. சிலவற்றில் வாசல் பக்கத்துக் கடைசி அறை மட்டும், சிலவற்றில் திட்டுத் திட்டாக. செத்த ஓட்டுக்குள் பாக்டீரியா குடியேறினாலும் சாயம் பிடிக்கும். உள்ளே அழுகாமல் கிடக்கும் பழைய சதைக்கும் பிடிக்கும். அதனால் உள்ளறைகளும் சேர்ந்து பளிச்சென்று நிறம் ஏறியிருந்தால்தான் உயிர் என்று எழுத வேண்டும். இது எனக்கு இப்போது தெரிந்த விஷயம் அல்ல. பத்து வருடமாகத் தெரியும். தாளை மாற்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த விதியை ஏன் எழுதினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் எங்கள் ஊர்க் கடலோர ஏரியான காயலின் அறிக்கை அவசரமாக வேண்டியிருந்தது. கறாராக எண்ணினால் உயிர் என்று காட்ட ஒன்றும் தேறவில்லை. காயலை நம்பி இருநூறு வலைக்காரர்கள். சந்தேகத்தின் பலனை அவர்கள் பக்கம் போட்டால் என்ன தப்பு என்று தோன்றியது. ஒரு பக்கம் அவசரம், ஒரு பக்கம் இரக்கம். இரண்டும் சேர்ந்து விதியாகிவிட்டது.

மாலையில் என் கணக்கைக் கூட்டினேன். என் பழைய விதிப்படி யோகேஸ்வரியின் எண்ணும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒன்று. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். கறாரான விதிப்படி, ஏரி கடலோடு சேரும் கடல் வாய்ப் பக்கம் தவிர மற்ற இடங்களில் ஏறக்குறைய எல்லாம் ஓடு. கையெழுத்துப் போட்டால் அக்கரையில் ஒருவர் கூண்டை இறக்குவார், மழைக்காலத்தில் அடிச்சேறு கலங்கும், மீன் மறுபடி மிதக்கும்.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலையைச் சொன்னேன். சாயத்தை நம்ப வேண்டாம், புதுச் சேறு எடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஏரித் தண்ணீரோடு வைப்போம், உயிருள்ள ஃபோராம் இரண்டொரு நாளில் சேற்றிலிருந்து கிளம்பிக் கண்ணாடியில் ஏறும், ஏறினால் உயிர் என்றேன். யோகேஸ்வரி ஏன் என்று கேட்கவில்லை. “போலே லா அண்ணே, செஞ்சுருவோம். நாளைக்கு ஏழு மணிக்குக் கெரெத்தா எடுத்துட்டு வரேன்” என்றார்.

வியாழக்கிழமை காலை அவருடைய சின்ன காரில் இரண்டாம் பாலம் வழியாகப் போனோம். இருபத்து நான்கு கிலோமீட்டர், பெரும்பகுதி கடல் மேல். கடல் தெரிகிறதே தவிர கடலோரம் தெரியவில்லை. பாலத்துக்கு முடிவு இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. சிம்பாங் அம்பாட்டில் இறங்கிச் சாப்பிட்டோம். ரொட்டி சானாய் ஒரு வெள்ளி எண்பது காசு, தே தாரேக் இரண்டு வெள்ளி இருபது. சுற்றிலும் தொழிற்சாலைக் கூரைகள், புதுக் குடியிருப்புகள், ஷிப்ட் முடிந்து சீருடையோடு சாப்பிடும் கூட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து எங்கள் மேசைக்கு வந்தவர்தான் முனியாண்டி.

நான் கையெழுத்துப் போட்டால் கூண்டு இறக்கப் போகிறவர் இவர். ஐம்பது வயது, தடித்த தோள், பேருந்து ஓட்டுநரின் நீலச் சட்டை. ஏரி செத்த பிறகு தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறார். அன்று காலை ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். கூண்டுக்கு வலை புதிதாகப் பின்னியாகிவிட்டது, மீன்குஞ்சுக்குச் சொல்லி வைத்தாகிவிட்டது, அடுத்த மாதம் முதல் வாரம் வரும் என்று எனக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னார். அவர் வளர்ப்பது சியாக்காப். நம் ஊர்க் கொடுவா. நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

அங்கிருந்து இருபது நிமிடம். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்குப் பின்னால் சதுப்பு மரங்கள், அதற்கும் பின்னால் ஏரி. தாசேக் என்கிறார்கள் மலாயில்; தமிழர்கள் பேச்சிலும் தாசேக்தான். நான் நினைத்ததைவிடச் சின்னது, அழகானது. வெள்ளைக் கொக்குகள், அசையாத தண்ணீர். சுற்றுலாக்காரர் யாராவது வந்தால் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். முனியாண்டியின் படகில் ஆறு இடங்களுக்குப் போய், நீளக் குழாயை அடியில் குத்தி, வெளியே எடுத்து, மேல் ஒரு சென்டிமீட்டரை மட்டும் கரண்டியால் வழித்தோம். நான்காம் இடத்துச் சேறு கறுப்பு. அழுகின முட்டை நாற்றம். யோகேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். முனியாண்டி திருப்பவில்லை, அவர் குனிந்து முகர்ந்தார்.

திரும்பும்போது என் முழங்கால் படகுப் பலகையில் மடங்கி மரத்துப்போயிருந்தது. முனியாண்டி துடுப்பை நிறுத்திவிட்டுப் பேசினார்.

“மூணு வருசமா பஸ் ஓட்றேண்ணே. ஏறுன ஒடனே எல்லாரும் தூங்கிருவாங்க. கண்ணாடில பாத்தா அத்தன பேரும் தலையத் தொங்கப் போட்டுக் கெடப்பாங்க. மீனு அப்பிடி இல்ல. நம்ம படகுச் சத்தம் கேட்டா மேல வந்து பாக்கும்.”

அவர் மறுபடி துடுப்புப் போட்டார். கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

மாலை நான்கு மணிக்குப் பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் சேற்றைப் பரப்பி, ஏரித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, சன்னலுக்கு எதிர்ப்புற மேசையில் வைத்தோம். ஓர் இடத்துக்கு இரண்டு கிண்ணம். டயர் கடையின் அதிர்வு தெரியாமலிருக்க அடியில் மடித்த துண்டு. பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு என்னை யாரும் கடல் கடந்து கூப்பிட்டிருக்கத் தேவையில்லை என்று வாடகைக் கார் ஓட்டுநர் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் காத்திருப்பு. காலை ஒன்பதுக்குப் பார்த்தேன், எதுவும் இல்லை. பன்னிரண்டுக்குப் பார்த்தேன், இல்லை. யோகேஸ்வரி என்னை வெளியே துரத்தினார், கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று. ஃபெரிப் படகில் அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போய்த் திரும்பினேன். இரண்டு வெள்ளி, கால் மணி நேரம்கூட இல்லாத பயணம். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர், பாசாரிலிருந்து வருகிறவர், கீரைக்கட்டைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், அங்கேயும் கடலா என்றார். ஆமாம், ஒரு காயலும் இருக்கிறது என்றேன். மீன் நல்லாக் கிடைக்குமா என்றார். முன்பு கிடைத்தது என்று வாயில் வந்தது. சொன்ன பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஜார்ஜ் டவுன் பழைய கட்டடங்கள் முன்னால் வரிசையாக வந்தன. அவற்றைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. கடல் வாய்ப் பக்கத்துக் கிண்ணங்கள் இரண்டிலும் கண்ணாடிச் சுவரில் புள்ளிகள். நுண்ணோக்கியில் வைத்தேன். ஏழு. முழு ஓடும் மஞ்சள் கலந்த பழுப்பு; வாசலிலிருந்து சிலந்தி நூல்போல் இழைகள் விரிந்து கண்ணாடியைப் பற்றியிருந்தன. ஒரு மணி நேரத்தில் ஒரு நகத்தின் வெள்ளைப் பகுதி அளவுக்கு ஏறுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது பிடிக்கும். மற்ற பத்துக் கிண்ணங்களில் ஒன்றுமில்லை. நான்காம் இடத்தில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து, சேறு அப்படியே கிடந்தது.

யோகேஸ்வரி தன் பழைய கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இதில் உயிர் என்று எழுதியிருக்கிறேனே, எங்கே அவை என்று கேட்டார். அப்போது சொன்னேன். சுவரில் இருப்பது என் தாள் என்றும், ஏழாவது விதி தப்பு என்றும், தப்பு என்று பத்து வருடமாக எனக்குத் தெரியும் என்றும், செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டும் என்றும்.

அவர் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மூணு வருசம் அதப் பாத்துத்தான் எண்ணினேன். எனக்குச் சந்தேகம் இல்லாம இல்ல. ஆனா அதுல எழுதியிருக்கே, பெரிய ஆளு யாரோ எழுதினதுன்னு விட்டுட்டேன்” என்றார். தன் கணக்கை மூடி வைத்துவிட்டு, “முனியாண்டி அண்ணன் வலை பின்னும்போது நான் போய்ப் பாத்தேன். நல்லாருக்குன்னு சொன்னேன்” என்றார்.

கோபம் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வயதில் அப்படி வெட்கப்பட்டதில்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்கு முனியாண்டியே வந்தார். பேருந்துக்கு விடுமுறை நாள். யோகேஸ்வரி போனில் எல்லாம் சொல்லியிருந்தார். வந்தவர் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார். கடல் வாய்க் கிண்ணத்தை நுண்ணோக்கியில் வைத்துக் கொடுத்தேன். கண்ணை எங்கே வைப்பது என்று பழக ஐந்து நிமிடம் ஆனது. பிறகு அரை மணி நேரம் அவர் தலையைத் தூக்கவில்லை. என் முப்பத்தோரு வருடத்தில் இவ்வளவு பொறுமையாக ஃபோராமைப் பார்த்த வெளியாளை நான் கண்டதில்லை.

பிறகு நான்காம் இடத்துக் கிண்ணத்தை வைக்கச் சொன்னார். அதையும் அரை மணி நேரம் பார்த்தார்.

“அது ஏறுது. என்னோடது ஏறல” என்றார். பிறகு, “சில மீனு பயந்துச்சுன்னா அடியிலயே கெடக்கும். இதுவும் அப்பிடி இருக்கலாம்ல? இன்னும் ஒரு நாள் பாருங்கண்ணே.”

இருக்கலாம் என்றேன். மூச்சுமுட்டும் சேற்றில் ஃபோராம் சில சமயம் முடங்கிக் கிடப்பது உண்டு, பொய் சொல்லவில்லை. ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மூவரும் மறுபடி கூடினோம். டயர் கடை மூடியிருந்தது. அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கடல் வாய்க் கிண்ணங்களில் இன்னும் இரண்டு சேர்ந்து ஒன்பது. நான்காம் இடத்துக் கிண்ணத்தை முதலில் நான் பார்க்கவில்லை. அவரையே பார்க்கச் சொன்னேன். அவர் கிண்ணத்தை மெல்லத் திருப்பித் திருப்பி அதன் சுவர் முழுவதையும் பார்த்தார். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் பாதியில் நிறுத்தினார்.

“எழுதுங்கண்ணே. செத்தத செத்துருச்சுன்னே எழுதுங்க. நான் குஞ்சக் கொண்டாந்து விட்டு, அது மறுபடி மெதந்தா, அத ரெண்டாந்தரம் அள்ள என்னால முடியாது.”

குஞ்சு வேண்டாம் என்று அங்கேயே போன் போட்டுச் சொன்னார். மலாயில் பேசினார், எனக்குப் புரிந்தது இரண்டு மூன்று சொல்தான். பேசி முடித்து, யோகேஸ்வரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, கடல் வாய்ப் பக்கம் உயிர் இருப்பதால் அது உள்ளே பரவ எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். வருடத்துக்கு ஒரு முறை கிண்ணம் வைத்துப் பார்க்கலாம் என்று யோகேஸ்வரி சொன்னார். சேறு நானே எடுத்துட்டு வரேன் என்றார் முனியாண்டி. படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார்.

“உங்க ஊரு தாசேக்ல எத்தன ஏறும்ணே?”

எங்கள் காயல் சேற்றுக்குச் சாயம் போட்டு எண்ணிய கணக்கு அலமாரி நிறைய இருக்கிறது. ஒரு தடவைகூடக் கிண்ணம் வைத்ததில்லை. வைத்துப் பார்த்ததில்லை என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டாம் கணக்கைக் கறாராக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தடை நீடிக்கும். அதன் பிறகு யோகேஸ்வரி நாற்காலி போட்டு ஏறிச் சுவரிலிருந்த தாளைப் பிய்த்து, பிளாஸ்டிக் உறையைக் கத்தரியால் வெட்டி, என் முன்னால் வைத்தார். நீங்களே திருத்துங்கள் என்று பேனாவைக் கொடுத்தார். ஏழாவது விதியை அடித்துவிட்டு, உள்ளறைகளும் நிறம் ஏறியிருந்தால் மட்டும் உயிர், சந்தேகம் இருந்தால் உயிர் என்று எழுதாதே, கிண்ணம் வைத்துப் பார் என்று எழுதினேன். திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

“பேரும் போடுங்கண்ணே” என்றார்.

போட்டேன். தேதியும் போட்டேன். படமெடுத்து, அந்தப் பழைய தாள் யாரிடமெல்லாம் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் அன்று மதியமே அனுப்பினார். அதில் நான்கு பேர் மாலைக்குள் பதில் எழுதிவிட்டார்கள். மூன்று பேர் நன்றி சொன்னார்கள். நான்காமவர், இதுவரை எண்ணியதை என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை விமானம். யோகேஸ்வரி வந்து ஏற்றிவிட்டார். வழியில் பேசியது கழுத்துக்கு எந்தத் தைலம் நல்லது என்பதைப் பற்றித்தான். இறங்கும்போது ஒரு சின்னப் புட்டி கொடுத்தார், பன்னிரண்டு வெள்ளித் தைலம். ஊர் சுற்ற வைத்திருந்த இரண்டு நாளும் சேற்றிலேயே போய்விட்டது என்று வருத்தப்பட்டார். பினாங்கில் என்ன பார்த்தாய் என்று ஊரில் கேட்டார்கள். ஒரு பாலம், ஒரு ஃபெரி, கண்ணாடியில் ஏறிய ஒன்பது புள்ளிகள் என்றேன். அதற்கா ஏழு நாள் என்றார்கள்.

வந்த மறுநாளே காயலுக்குப் போனேன். சென்னையில் இறங்கி ஊர் வந்து சேர்ந்த அலுப்புத் தீரவில்லை. போகாமல் இருந்தால் ஒருபோதும் போக மாட்டேன் என்று பயமாக இருந்தது. எங்கள் காயல் அந்தத் தாசேக்கைவிடப் பல மடங்கு பெரியது. கொக்குகள் இங்கேயும் உண்டு. கரையில் இழுத்து வைத்த படகுகள் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்ததைவிடக் குறைவு; அதை ஒவ்வொரு வருடமும் பார்த்தேன், ஒவ்வொரு வருடமும் உயிர் என்று எழுதினேன். தெரிந்த வலைக்காரர் ஒருவரின் படகில் போய் நடுக்காயலில் சேறு எடுத்தேன். கறுப்பாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

நான்கு கண்ணாடிக் கிண்ணங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். மனைவி அறையின் ஓரத்துக்குத் தட்டுகளை மாற்றிக்கொண்டாள். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலை கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், மூன்று சுற்று. பிறகு போனை எடுத்து முனியாண்டிக்கு எழுதினேன். கேட்டீர்களே, எங்கள் ஊரில் ஒன்றும் ஏறவில்லை.

அவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

“இன்னும் ஒரு நாள் பாருங்கண்ணே.”